முன்சக்கரம்

அவள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

இறங்கியிருக்க வேண்டும்.

அந்த ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்துவார்கள். முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் உண்டு. அதைக் கையால் திருகிவிட்டு வந்து, பிறகு சின்னக் கியரைப் போட வேண்டும். அப்போதுதான் நான்கு சக்கரமும் இழுக்கும்.

திருகாவிட்டால் முன்சக்கரங்களுக்கு எதுவும் போய்ச் சேராது. கியர் மட்டும் விழுந்திருக்கும்.

மேலே இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் தவசி. வண்டி வாங்க வந்தவர். மலையடிவாரத்தில் கடலைக்காடு வைத்திருக்கிறார். டிராக்டர் தெரியும். ஜீப் இனிமேல்தான். வேட்டியை மடித்துக் கட்டி, சேறு இல்லாத கல்லாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

இன்னொருவன் அவள் கணவன். கம்பை ஊன்றியிருந்தான்.

மிளகு பறிக்கும்போது ஏணியோடு சரிந்தவன். இடது கால் இனி கிளட்சை மிதிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். உர மூட்டை உள்ளே வரும், மிளகும் வாழைத்தாரும் வெளியே போகும். எல்லாம் இந்த ஏற்றம் வழியாகத்தான். மேலே ஏறினால் தார் ரோடு.

ஜீப் போனால் தோட்டமும் போகும்.

அது அவனுக்கும் தெரியும். முதலில் ஜீப். அப்புறம் தோட்டம். அப்புறம் திருப்பூர். அங்கே அவன் அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அவளுக்குப் போக விருப்பமில்லை.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“என்னம்மா, வண்டி தூங்கிருச்சா?” தவசி மேலிருந்து சத்தம் போட்டார். “நாலு வீலும் போட்டாச்சா?”

அவள் சின்னக் கியரை இழுத்துப் போட்டாள்.

“கியர் போட்டாச்சுங்க.”

அது பொய் இல்லை.

கிளட்சை விட்டாள். ஜீப் பாதி ஏற்றம் வரை வந்தது. மழையில் ஊறிய செம்மண். பின்சக்கரம் ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. வண்டி பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தது. மேலே நகரவில்லை.

பின்னால் இறக்கினாள். மறுபடி ஏற்றினாள்.

அதே இடம்.

“என்னப்பா இது!” தவசி அவனிடம் திரும்பினார். “வரையாடு மாதிரி ஏறும்னு போன்ல சொன்ன. எருமையாட்டம் சேத்துலயே கெடக்கு?”

அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவன் நின்ற இடத்திலிருந்து முன்சக்கரங்கள் நேராகத் தெரியும். நான்கும் இழுக்கும் வண்டி வழுக்கினால் முன்சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டும். இங்கே முன்சக்கரங்கள் சும்மா நின்றன. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் கையில் இருக்கும் வண்டி. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாலே சொல்லிவிடுவான்.

அவன் சக்கரத்தைப் பார்த்தான்.

பிறகு அவளைப் பார்த்தான்.

இப்போது கத்துவான் என்று அவள் நினைத்தாள்.

“மழை பெஞ்சா இது இப்படித்தாண்ணே,” என்றான் தவசியிடம். “சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“நல்லா இருந்த போ. நேத்தே சொல்லியிருந்தா என் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.”

தவசியின் பைக் ஒவ்வொரு வளைவாக இறங்கிப் போனது. சத்தம் முழுதாக அடங்கும்வரை இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பிறகு அவன் கீழே வந்தான். கம்பை முதலில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு அடியாக. அவள் உதவிக்குப் போகவில்லை. போனால் பிடிக்காது.

ஜீப்பைச் சுற்றி இடது பக்கம் வந்தான். கையால் காலைத் தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்தான்.

விழுந்த பிறகு அவள் ஓட்டும் வண்டியில் அவன் ஏறியதே இல்லை.

“போய்த் திருகிட்டு வா.”

அவள் இறங்கினாள். ஒரு பக்கம் உடனே திரும்பியது. இன்னொரு பக்கம் சேறு அடைத்திருந்தது. விரலால் நோண்டி எடுத்துவிட்டுத் திருக வேண்டியிருந்தது.  

திரும்பி வந்து ஏறியபோது போனை அவள் பக்கம் நீட்டினான்.

“திருப்பூர் அண்ணன்கிட்ட நீயே சொல்லிரு.”

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ரிங் போய்க்கொண்டிருந்தது.