பழைய பாட்டு மட்டும்

கோத்தகிரியில் கிளம்பியதிலிருந்து ஜெஃப்ரி தன் கல்லூரிக் கால இண்டி ராக் ஆல்பங்களையே ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டிய அவன் மனைவி கெஸியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. புதுப் பாட்டு எதுவும் வேண்டாம் என்கிறான். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை, எல்லாம் மெசேஜில்தான்.

"ஏனுங்க, இந்தப் பாட்டெல்லாம் அப்ப யாருகூட உக்காந்து கேட்டீங்க?"

"ம், அருமையான பாட்டு."

"உங்ககூடப் படிச்ச சுமலதாகூடவா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கெஸியா அவன் தோளைத் தட்டினாள்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"மலை எறங்கறமல்ல, காது அடைச்சிருச்சு. என்ன கேட்ட?"

மலையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் மலையைச் சாக்குச் சொல்கிறான். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும் காது, சுமலதா பேருக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறதாக்கும்.

சண்டைக்கு வரட்டும் என்று, ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அழுத்திப் பாட்டை நிறுத்தினாள்.

அவன் சண்டைக்கு வரவில்லை. ஒரு வளைவு போயிற்று, அடுத்ததும் போயிற்று. வண்டிக்குள் டயர் உரசும் சத்தம் மட்டும் இருந்தது. அவன் விரல்கள் தாளம் தவறாமல் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தன.

பிறகு ஜெஃப்ரி அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"கேளு கெஸியா. இப்ப ஒரு கிடார் வரும் பாரு."