பத்துக்கு ரெண்டு

சனிக்கிழமை காலை, பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தின் கதவில் ஐயாதுரை சாக்பீஸால் எழுதினார்: 'பத்துக்கு ரெண்டு.'

கூடமே கொதித்துப் போனது.

ராஜபாளையத்தில் அந்தத் தறிக்கூடத்துக்கு மட்டும் ஒரு வழக்கம். புதுப்படம் வந்தால் ஃபிட்டர் ஐயாதுரை வெள்ளிக்கிழமையே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்து மார்க் போடுவார். ஐந்தைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேன் பிடித்துப் போவார்கள். தாண்டாவிட்டால் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

இந்தத் தடவை வேனுக்காக அதிகம் காத்திருந்தவள் தறிக்காரி பிச்சையம்மாள். மெட்ராஸுக்குப் போன மகன் பொன்னுராஜ், ஆறு வருஷம் அலைந்து இந்தப் படத்தில்தான் முகம் காட்டுகிறான். 'கதாநாயகனுக்குக் கூட்டாளியா வாரேன்' என்று அவன் போட்ட கடுதாசியைத் தறி தறியாகக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள்.

"அப்படி என்னண்ணே குறை கண்டிய?" என்று கேட்டாள் பக்கத்துத் தறி வேலுத்தாய்.

"கதையோ கொலைக் கதை. அதுல மூச்சுக்கு முந்நூறு பாட்டு. பால் வடியுற மூஞ்சிக்காரனைப் போயிக் கொலைகாரனாப் போட்டிருக்கான். கதாநாயகியா வார பிள்ளை பாடி அழுதா பல்வலியில முனங்குத மாதிரி இருக்கு. இதெல்லாம் நடிப்பா?"

"எம் மகன் பேரு வாங்கிரக் கூடாதுன்னு உமக்கு வயித்தெரிச்சல்!"

பிச்சையம்மாள் கத்திய கத்தலில் தறிச் சத்தமே கேட்கவில்லை. ஐயாதுரை ஸ்பானரை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அங்கேயே நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லத்தாய்க்குத்தான் அவமானம் பிடுங்கித் தின்றது. கூடப் போய்ப் படம் பார்த்தவளாயிற்றே. தியேட்டரில் இந்த மனுசன் என்ன சொன்னார்? "பால் வடியுற மூஞ்சி கொலை பண்ணுது பாரு, அதாம்ட்டி பயமே. இவனைத் தேடிப் பிடிச்சு நடிக்க வச்சவன் கெட்டிக்காரன்." கதாநாயகி பாடி அழுதபோது துண்டால் கண்ணைத் துடைத்தாரே!

சாயங்காலம் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மார்க் விசயத்துல பொய் சொன்னதே இல்லன்னு பீத்திக்கிடுவியளே. ஒரு தாய் மனசை நோகடிச்சிட்டு வந்து உக்காந்திருக்கிய. பொறாமைதான?"

"நீ பொன்னுராஜைப் படத்துல பாத்தியா?"

"இல்ல. பாதிப் படம் முந்தானைக்குள்ளல்லா இருந்தேன்." பிணத்தைக் காட்டினால் செல்லத்தாய்க்கு ஆகாது.

"அப்பச் சும்மா இரு."

வாசலில் நிழல் விழுந்தது. பிச்சையம்மாள். அடுத்த சண்டை என்று செல்லத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மதினி, செத்த நேரம் கதவைச் சாத்துங்க" என்றாள் பிச்சையம்மாள்.

சாத்தினாள்.

"காலையில ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கண்ணே. நான் கத்தலைன்னா நாலு பேருக்குச் சந்தேகம் வந்திரும்."

ஐயாதுரை திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"நேத்து உடம்புக்கு முடியலன்னு லீவு போட்டேன்ல? மேட்னிக்கு நானும் வந்திருந்தேன். பின்னால உக்காந்து பாத்தேன்."

"பொன்னுராஜ் எந்த எடத்துலம்மா வந்தான்?" செல்லத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கதாநாயகன் பாடையைச் சுத்திச் சுத்தி வந்து பாடுவான்லா மதினி? அந்தப் பாடையில கெடந்தது எம் புள்ளதான். கூட்டாளின்னு எழுதுனவன் செத்த கூட்டாளின்னு எழுதல. வேன்ல போயிப் பாத்திருந்தா கூடமே சிரிச்சிருக்கும்."

செல்லத்தாய் புருசனைப் பார்த்தாள். ஊர்ப் பேச்சையும் தன் பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுசன் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

பிச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆறு நிமிசப் பாட்டுண்ணே. மூக்கு மேல ஈ வந்து உக்காந்துச்சு. எம் புள்ள அசையலையே! அவனுக்கு மட்டும் தனியா ஒரு மார்க் போடுங்க."

ஐயாதுரை சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சாத்தியிருந்த கதவின் உட்பக்கத்தில் பெரிதாக எழுதினார்: 'பத்துக்குப் பத்து.'