காயம் ஆறிய பிறகு

"என்னா நானா இது, அவளை இன்னும் அவன்கிட்டயா விட்டு வச்சிருக்கீங்க?"

நுவரெலியா பஸ்ஸில் உட்கார்ந்து நான் போனில் இப்படிக் கேட்டதும் முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்கு போனில் மெதுவாகப் பேச வராது. ராகலையில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இப்படி ஒரு வியாதி.

மறுமுனையில், நுவரெலியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஸுஹைர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கடிச்சுக் கொதறிட்டானா? அவன் அப்படித்தான். பெத்து முடிஞ்ச கையோட அவளைத் தனியா எடுத்து வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

அந்த அம்மாவின் முகம் இறுகியது. ராகலையில் பஸ் ஏறும்போதே அவர் கண்டக்டரிடம் விவரம் சொல்லியிருந்தார். மகளையும் கைக்குழந்தையையும் வட்டகொடையில் மாப்பிள்ளை வீட்டில் விடப் போகிறாராம். மகளுக்குப் பல்வலியாம், அதனால்தான் சால்வையால் கன்னத்தைச் சுற்றியிருக்கிறாளாம்.

"டாக்டர்கிட்ட எல்லாம் கொண்டு போக வேணாம், நான் இருக்கேன்ல. உப்புத் தண்ணியில போடுங்க. ஆமா, காயத்தோடதான். இன்னைக்குச் சாப்பாடு ஒன்னும் குடுக்காதீங்க. வெளிச்சம் படாத மூலையில வச்சு, துணியைப் போட்டு மூடிருங்க."

டிரைவர் பாட்டை நிறுத்தினார். என் வைத்தியம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் நிறுத்துகிறார் என நினைத்தேன். எனக்கு என் மேல் அவ்வளவு மதிப்பு.

"செத்துட்டா என்னா செய்யிறதா? கவலைய விடுங்க நானா. அடுத்த கிழமை வேற ஒருத்தியைப் புடிச்சுத் தர்றேன்."

அந்த அம்மா எழுந்தே விட்டார். "யோவ், நீயெல்லாம் ஒரு மனுசனா? புள்ள பெத்தவளை ஒருத்தன் போட்டு அடிச்சிருக்கான். சோறு போடாத, மூலையில போட்டு மூடுன்னு யோசனை சொல்லிக்கிட்டிருக்க. அடிக்கிறவன்கிட்டயா ஒரு பொம்பளைப் புள்ளைய விட்டு வைப்பாங்க?"

"பொலிசுக்கிட்ட நிப்பாட்டவா அம்மா?" என்றார் கண்டக்டர்.

எனக்கு நாக்குக் குழறியது. "அம்மா, மீனும்மா. ஃபைட்டர் மீனு. முட்டை போட்ட பொறகு ஆம்புள மீனு பொம்பள மீனைக் கடிச்சிருச்சு. அதுக்குத்தான் வைத்தியம் சொல்றேன்."

பேச்சைத் துண்டித்துவிட்டு, ஸுஹைர் நானா அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். செட்டையெல்லாம் கிழிந்து, செதில் உதிர்ந்து, போத்தலின் அடியில் ஒரு நீல மீன் ஒருக்களித்துக் கிடந்தது. போன் சீட்டுக்குச் சீட்டு கைமாறியது. பஸ்ஸே சிரித்தது, அந்த அம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"மீன் டாக்டர் ஐயா, டிக்கட்" என்றார் கண்டக்டர். நானும் சிரித்து வைத்தேன். வீட்டில் என் மனைவி நிஷாந்திக்குக் காய்ச்சல் வந்தால், பனடோல் மாத்திரை எங்கே இருக்கிறதென்று அவளிடமே கேட்கிற டாக்டர் நான்.

போன் கடைசியாக அந்த மகளிடம் போய் நின்றது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பொழைச்சிருமா அண்ணே?"

"பொழைச்சிரும்மா. கல்லுப்பு கொஞ்சம் போட்டு, தண்ணிய மாத்திக்கிட்டே வந்தா, கிழிஞ்ச செட்டைகூட திரும்ப மொளைச்சிரும்."

"காயம் ஆறின பொறகு திருப்பி அவன்கிட்டயே விட்டுருவீங்களா?"

என்னிடம் ஒருவர் இரண்டாவது கேள்வி கேட்பது அபூர்வம். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "விடவே கூடாது. அடுத்த தரம் உசுரு மிஞ்சாது."

"அவன் மாற மாட்டானா?"

"அவன் எதுக்கும்மா மாறப் போறான்? நாமதான் எடத்தை மாத்தணும்."

"மீனைப் பத்தி ஒனக்கு என்னாத்துக்குடி?" என்றார் அம்மா. அவள் போனைத் திருப்பித் தந்தாள். நான் விடவில்லை. உப்பின் அளவு, தண்ணீரின் சூடு, நுவரெலியாக் குளிரில் மீன் வளர்ப்பதன் கஷ்டம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரமாகியும் பேசிக்கொண்டிருந்தேன்.

கந்தப்பளையில் பஸ் நின்றது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். குழந்தையின் கை பட்டு சால்வை நழுவியது. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை கன்றிப்போய் நீலமாக வீங்கியிருந்தது. பனடோல் இருக்குமிடம் தெரியாத எனக்கே, அது பல்வலி இல்லை என்று தெரிந்தது.

அந்த அம்மா அவசரமாகச் சால்வையை இழுத்து மூடப் பார்த்தார். அவள் விடவில்லை.

"உக்காரு சர்மிளா. இது கந்தப்பளை. மாப்புள நுவரெலியா ஸ்டாண்டுல வந்து காத்துக்கிட்டிருக்காரு." சற்றுமுன் என்னை நடுங்கவைத்த குரல் இப்போது அவருக்கே கேட்டிருக்காது.

"காத்துக்கிட்டிருக்கட்டும்" என்றாள் மகள். "நீ எறங்கும்மா, நம்ம வீட்டுக்குப் போவோம்."