நீல ஒளி

அந்த ஆண் எலி வெள்ளையா சாம்பலா என்பது இப்போது எனக்கு உறுதியாக நினைவில்லை. குட்டிகளைக் கண்டால் கடித்துக் கொல்லும் எலி அது. மூளைக்குள் செருகியிருந்த மெல்லிய கண்ணாடி இழையில் நீல ஒளி பாய்ந்தால் மட்டும் தாயாகிவிடும். அன்று எங்கள் ஆய்வகத்தில் சேவியர் ஒளியைப் போட்டதும், வேறெந்த எலியோ ஈன்ற குட்டியை அது நக்கியது. பல் படாமல் கவ்விக்கொண்டு கூட்டை நோக்கி நடந்தது.

“உங்க மண்டையிலயும் ஒண்ணு மாட்டியிருக்கணும் சேவியர். புள்ளையத் தொடவே மாட்டேங்குறீங்கன்னு வீட்டம்மா கோவிச்சிட்டுப் போயிருக்க மாட்டாங்க,” என்றார் டாக்டர் நப்பின்னை. சேவியர் சிரித்தார்.

“சரி, இப்ப அணைங்க.”

“வாயில குட்டி இருக்கு மேடம்.”

“அதுக்குத்தானே இந்தச் சோதனை.”

சேவியரின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. டாக்டர் அந்த விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.

குட்டி செத்தது. மறுநாள் எலியை மூளைக்காக வெட்டினோம். டாக்டருக்கு விருது கிடைத்தது. சேவியர் இன்னும் என்னுடன்தான் வேலை செய்கிறார். குழந்தையைப் பார்க்க அவர் போகவே இல்லை.