இறகுத் தூண்டில்

"பல்லாலை கடியாதை எண்டு எத்தினை தரம்—"

"கடியாமல் என்னெண்டு அம்மா அறுக்கிறது, நுனி நீட்டிக்கொண்டு—"

"கத்திரிக்கோல் மேசையிலை கிடக்கு. முதல்லை காலை இறக்கு. கால் விரலிலை நூலைக் கொழுவிக்கொண்டு முடிச்சுப் போடுற துரையை நீ எங்கை கண்டனி?"

"துரைமாரை நான் எங்கை கண்டன். நேவிக்காரரைத்தான் கண்டனான்."

செபஸ்தியன் காலை இறக்கினான்.

பேசாலையில் முப்பது வருடம் கடலுக்குப் போனவன். நாலு மாதமாக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கிடக்கிறான். அதில் பதினொரு நாள், சந்தேகத்தில் பிடிபட்டு, பொலிசில். இன்றைக்கு இந்த மாடி வீட்டு முன்னறையில், இன்னொருவருடைய சேட்டைப் போட்டுக்கொண்டு, கதிரை விளிம்பில் இருந்து, வீட்டுக்கார அம்மாவிடம் தூண்டில் கட்டப் பழகுகிறான்.

நாளைக் காலை விமானம். ஸ்கொட்லாந்தில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏழு நாள் மீன்பிடி வகுப்பு. புழு இல்லை, இறால் இல்லை. முள்ளில் இறகைச் சுற்றி, ஈ என்று காட்டி, ஆற்று மீனை ஏமாற்றுகிற பெரிய மனிதர் விளையாட்டு. பாஸ்போட்டில் பெயர் இரத்தினசிங்கம் நாகேந்திரம். படம் மட்டும் செபஸ்தியனுடையது.

கொட்டாஞ்சேனை ஏஜென்ற் சொல்லியிருந்தான்: போன மாதம் சமையல் படிக்கப் போகிறேன் என்று போனவனுக்கு முன்னால், எயாப்போட்டிலேயே ஒரு வெங்காயத்தை வைத்து வெட்டச் சொன்னார்களாம். வெட்டத் தெரியாதவன் இப்போது மறியலில், கம்பிக்குப் பின்னால்.

செபஸ்தியனுக்குக் கட்டத் தெரியாமல் இல்லை. அதுதான் வில்லங்கம். கண்ணை மூடினாலும் அவன் கை கட்டும். அந்தக் கட்டைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் விளங்கும், இவன் உடம்பில் ஒருநாளும் கோட்டும் ரையும் ஏறியதில்லை என்று.

"நாகேந்திரம் தேயிலை ருசி பார்க்கிற உத்தியோகம். நுவரெலியாவிலை துரைமார் மீன் பிடிக்கிறதைப் பார்த்து ஆசைப்பட்ட மனிசன். அப்பிடிப்பட்ட ஆள் தடவித் தடவித்தான் கட்டும். நீ மாடு கட்டுற மாதிரி ஒரு இழுவையிலை கட்டினால்?"

அவள் வகுப்புக்காரர் அனுப்பிய சின்னப் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்து, கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

"முள்ளின்ரை கண்ணுக்குள்ளாலை விடு. ஐஞ்சு சுத்து. அடி வளையத்துக்குள்ளாலை திருப்பி எடு. எச்சில் தொட்டு நனைச்சு, மெல்ல இறுக்கு."

"ஐஞ்சு சுத்துக்குப் பாரை நிக்காது அம்மா. ஏழு வேணும்."

"பாரை இல்லை. அரைக் கிலோ ஆத்து மீன்."

"அதைப் பிடிச்சு?"

"திரும்ப ஆத்திலை விடுறது."

"சும்மாவோ?"

"போட்டோ எடுத்துப்போட்டு."

"உதுக்கோ காசு கட்டிப் போறாங்கள்?"

விடிந்ததிலிருந்து அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே இளக்காரப் பார்வையை, அவன் அந்தப் புத்தகத்தின் மேல் இறக்கிவைத்தான்.

"உன்ரை கையைப் பாரன். வெட்டும் கொத்தும்."

"தங்கூசி நூல் அறுத்தது. ஆரும் கேட்டால், ரோசாத் தோட்டம் வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுவன்."

"மூண்டாம் மாடியிலை ரோசாத் தோட்டம். சரி, சொல்லு. பேர்?"

"இரத்தினசிங்கம் நாகேந்திரம்."

"பிறந்தது?"

"நாப்பத்திநாலு, ஆவணி பதினாறு."

"மனிசியின்ரை பேர்?"

அவன் முள்ளைப் பார்த்துக் குனிந்தான்.

"நாகேஸ்வரி... அம்மா."

"அம்மா இல்லை. நாகேஸ்வரி."

தன்னுடைய பெயரை அவள் சுவருக்குத்தான் சொன்னாள்.

அவளுக்கும் புருசன் நாகேந்திரத்துக்கும் விசா குத்தி வந்து ஒன்பதாம் நாள், அவர் குளியலறையில் விழுந்தார். செத்தவீட்டுச் சனம் கலைந்த பிறகு ஏஜென்ற் வந்தான். புருசனோடு போக விசா எடுத்தவள் தனியே போய் நின்றால் கேள்வி வரும் என்றான். சோடியாகப் போய் ஒருவர் பிடிபட்டால் இரண்டு பேருக்கும் மறியல் என்பதையும் மறைக்கவில்லை. இலண்டனில் மகள். இங்கே இனி ஒருவருமில்லை. ஆள் ஒன்று தேடித் தருகிறேன் என்றபோது, நாகேஸ்வரி உயரத்தை மட்டும் கேட்டாள். யார் எவர் என்ற மற்றதைக் கேட்க மறந்ததற்காக ஒரு மாதமாகத் தன்னைத்தானே ஏசிக்கொண்டிருக்கிறாள்.

செபஸ்தியன் திரும்பவும் நூலை எடுத்தான். கண்ணுக்குள் விடவே மூன்று தரம் தவறவிட்டான். சுற்றை உதடு அசைய எண்ணினான். நாலாம் சுற்றில் நழுவவிட்டு, ஒருதரம் "சிக்" என்று சலித்துக்கொண்டு, மறுபடி தொடங்கினான். நனைத்தான். மெல்ல இறுக்கினான். கத்திரிக்கோலைத் தேடி எடுத்து நுனியை வெட்டினான்.

நாகேஸ்வரி வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை.

"ம். இப்பதான் நல்ல குடும்பத்து ஆள் கட்டின மாதிரிக் கிடக்கு. இனி உனக்குப் பழக்க ஒண்டுமில்லை. நாளைக்கு வாயைத் திறவாமல் எனக்குப் பின்னாலை வா."

"பின்னாலையோ? பக்கத்திலை நிக்கச் சொல்லியெல்லோ ஏஜென்ற் சொன்னவன்."

"நில். நிண்டுகொண்டு கதையாதை. நீ கதைச்சால் அவ்வளவுதான், ரெண்டு பேரும் உள்ளை."

செபஸ்தியன் விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்து, கதிரையில் முதுகு படச் சாய்ந்தான். அவள் முகத்தை நேரே பார்த்து, புருசன் மனிசியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டான்.

"இஞ்சேரும், நான் கதைக்கமாட்டன். நாளைக்கு அவங்களுக்கு முன்னாலை நீர் என்னை என்னெண்டு கூப்பிடப்போறீர்?"