எல்லாருக்கும் ஒரே நியாயம்

“மேடம், மூணு மணிக்குப் பொண்ணோட ஸ்கூல் நாடகம். அரை நாள் லீவு வேணும்,” என்றார் ஸ்டோர்கீப்பர், கையைப் பிசைந்தபடி.

மேலாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முந்தின நாளே சொல்லணும்னு தெரியும்ல?”

“மறந்துட்டேன் மேடம். போன மாசம் மீட்டிங்ல, வாழ்க்கையில எதுக்கு முதலிடம்னு ஆளாளுக்குச் சொல்லச் சொன்னீங்க. நான் குடும்பம்னு சொன்னேன். அதன்படியே நடங்கன்னு நீங்கதான் கை தட்டினீங்க.”

“தட்டினேன். என் முறை வந்தப்போ நான் எதுக்கு முதலிடம்னு சொன்னேன்?”

“எல்லாருக்கும் ஒரே நியாயம்னு...” ஸ்டோர்கீப்பரின் குரல் இறங்கியது.

“போன வாரம் டிரைவர் இதே மாதிரி கடைசி நேரத்துல கேட்டார். முடியாதுன்னுட்டேன். இன்னிக்கு உங்களை விட்டா அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? சரக்கு லாரி வர்ற நேரம். போய் வேலையைப் பாருங்க.”

‘கல்நெஞ்சம்’ என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கிடங்குக்குத் திரும்பினார்.

மதியம் மேலாளர் கைப்பையுடன் கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

“நான் கிளம்பறேன். நேத்தே லீவு எழுதிக் கொடுத்துட்டேன்.” அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நம்ம பொண்ணு, அப்பா எங்கேன்னு கேப்பா. என்னங்க சொல்லட்டும்?”

“மேனேஜர் விடலைன்னு சொல்லிடேன்மா!”

“அதெப்படி? லீவு சொல்லுங்கன்னு ரெண்டு நாளா வீட்டுல தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அப்பா மறந்துட்டார்னு உள்ளதைத்தான் சொல்வேன். சிங்க வேஷத்தைக் கலைக்காமலே அவளைக் கூட்டிட்டு வரேன். அப்புறம் நீங்களாச்சு, அவளாச்சு!”