இரண்டு கடி பட்ட இலை

புற்றுக்குள் இருந்த தானிய அறையில் கம்பு நிரம்பிக் கிடந்தது. ஆனால் மேல்சபையும் கீழ்சபையும் ஒரே இலையைக் கடித்து ஒப்புதல் தந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்பது எறும்புகளின் சட்டம். மேற்கே புதுச் சுரங்கம் தோண்டுவதா வேண்டாமா என்று இரண்டு சபைக்கும் தகராறு. எட்டு நாளாக இலையில் ஒரே கடிதான்.

கதவுக்குக் காவல் நின்ற கட்டெறும்பும் எட்டு நாளாகப் பட்டினி. அதற்காக வாசலை விட்டுப் போய்விட முடியுமா?

செவிலி எறும்பு ஒருத்தி குஞ்சுப் புழுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரே ஒரு கம்பு மணி குடுங்க. புள்ள அசையவே மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? இன்னொரு கடி விழட்டும் தாயி" என்றாள் காவல்காரி.

மறுநாள் இரண்டு கடியும் பட்ட இலை வந்தது. 'மூன்று நாளைக்கு மட்டும்' என்று அடியில் எழுதியிருந்தது. காவல்காரி கதவைத் திறந்து, முதல் மணியைத் தான் தின்னாமல் செவிலியிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

செவிலி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். "இனி எதுக்கு அக்கா?" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைச் சாத்தும்போது, காவல்காரி தன் ஆயுளில் முதல்முறையாக ஒரு பிடி கம்பை வெளியே வைத்துவிட்டுச் சாத்தினாள்.